செராமிக் பிரேக் டிஸ்க் தேய்ந்துவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

நெடுஞ்சாலை_நிலா:

வணக்கம் நண்பர்களே. பழைய போர்ஷே 911 ஒன்று வாங்கலாம் என்று இரண்டு மாதமாகத் தேடி, கடைசியில் ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டது. ஒன்பது வருடக் கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், அடிப்பகுதி எல்லாம் பார்த்தாயிற்று, குறை சொல்ல ஒன்றும் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது பிரேக் மட்டும்தான். பேட் என்கிற உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் இருக்கிற கார், அதாவது பிசிசிபி என்று சொல்கிற கார்பன் செராமிக் டிஸ்க். நாலு டிஸ்க்கும் கார் வந்தபோது இருந்தவையே என்கிறார் விற்பவர். அவற்றை மாற்ற வேண்டி வந்தால் ஆகும் செலவுக்கு இந்தக் காரையே நினைத்துப் பார்க்க முடியாது, அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

விற்பவரின் மெக்கானிக் என் கண்முன்னாலேயே வெர்னியர் வைத்து அளந்து காட்டினார். புது டிஸ்க்கின் தடிமன் என்னவோ அதே தடிமன்தான் இப்போதும் இருக்கிறது, தேய்மானமே இல்லை, புதுசு மாதிரி என்றார். ஆனால் நான் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோது, முன் சக்கர டிஸ்க் முழுக்க மெல்லிய கீறல்கள் வலை மாதிரி ஓடுகின்றன. கோடையில் குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதே கோலம், ஆனால் மிகச் சின்னதாக. அப்புறம் முன் வலது டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஓர் இடத்தில் அரிசி அளவுக்குச் சில்லு போயிருக்கிறது. மேற்பரப்பும் ஒரு பக்கம் பளபளப்பாக, இன்னொரு பக்கம் மங்கலாக இருக்கிறது.

இரும்பு டிஸ்க் என்றால் எனக்குத் தெரியும், விளிம்பில் மேடு தட்டியிருக்கிறதா பார்ப்பேன், மைக்ரோமீட்டர் வைப்பேன், முடிந்தது. இதில் எதைப் பார்ப்பது? இந்த வெடிப்பு சாதாரணமா, ஆபத்தா? தடிமன் சரியாக இருந்தால் போதுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

நாலாம்_கியர்:

செராமிக் டிஸ்க் காருக்கு ஆயுசு முழுக்க வரும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன் நண்பரே, தடிமன் குறையவில்லை என்றால் கவலைப்பட என்ன இருக்கிறது? என் காரிலும் செராமிக் பிரேக்தான். போன வருடம் பேட் மாற்றும்போது போட்டது, தூசி குறைவு, சத்தமும் இல்லை. டிஸ்க்கை யாரும் பார்க்கக்கூடச் சொல்லவில்லை.

பழைய_ஸ்பேனர்:

நாலாம்_கியர், முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் குழப்பம் எல்லாரிடமும் இருக்கிறது. நீங்கள் போட்டிருப்பது செராமிக் பேட். அது வழக்கமான இரும்பு டிஸ்க்கோடு உரசுகிற பேட், கலவையில் செராமிக் இழை சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் டிஸ்க் வார்ப்பிரும்புதான், அதற்குப் பழைய விதிகள் அப்படியே பொருந்தும், தடிமனை அளந்து பாருங்கள். நிலா கேட்பது டிஸ்க்கே கார்பன் செராமிக்காக இருக்கிற விஷயம். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

இப்போது நிலாவுக்கு. நான் பதினான்கு வருடமாக இந்த மாதிரி கார்களில் கை வைக்கிறவன். அந்த மெக்கானிக் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவர் அளந்தது சரியாகவே இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இந்த டிஸ்க் தடிமனில் தேய்வதைவிட எடையில் தேய்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எப்படி என்று கேட்டால் டிஸ்க்கை எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து வர வேண்டும். நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி டிஸ்க் வடிவம் ஆக்குகிறார்கள். அதைக் காற்றில்லாத உலையில் சுட்டால் பிசினும் கார்பனாகிவிடும், நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு கரி வட்டு கிடைக்கும். அதன் பிறகு உருகிய சிலிக்கானை உள்ளே இறங்க விடுகிறார்கள். சிலிக்கான் உருக 1414 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதற்கும் மேலான சூட்டில்தான் இந்த வேலை. ஸ்பாஞ்ச் தண்ணீரை இழுப்பது போல அந்தக் கரி சிலிக்கானை இழுத்துக்கொண்டு, சுற்றியுள்ள கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சிலிக்கான் கார்பைடு எவ்வளவு கடினம் என்றால், உப்புத்தாளில் அரைக்கும் தூளாகப் பயன்படுத்துவதே அதைத்தான். ஆக, டிஸ்க்குக்குக் கடினத்தைத் தருவது சிலிக்கான் கார்பைடு, உடையாமல் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் கார்பன் இழை.

பேட் உரசுவதால் அந்தக் கடினமான பொருள் அவ்வளவு எளிதில் தேயாது. ஆனால் கார்பன் கரி அல்லவா, சூடு ஏறினால் காற்றோடு சேர்ந்து எரியும். சுமார் 400, 500 டிகிரியைத் தாண்டினாலே மெதுவாக ஆரம்பிக்கும், அதற்கு மேல் போகப் போக வேகம் பிடிக்கும். தீ தெரியாது, புகை தெரியாது, இழை மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். செல்லரித்த கதவு நிலையைப் பார்த்திருப்பீர்கள், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும், அகலம் உயரம் எதுவும் மாறியிருக்காது, விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அதே கதைதான். வெர்னியருக்கு அது எப்படித் தெரியும்?

சாதாரணச் சாலை ஓட்டத்தில் டிஸ்க் அந்தச் சூட்டைத் தொடுவது அபூர்வம், தொட்டாலும் சில நொடிகள். அதனால் சாலையில் மட்டும் ஓடிய காரில் இந்த டிஸ்க் மிக நீண்ட காலம் வரும், "ஆயுசுக்கும் வரும்" என்ற பேச்சு பிறந்தது அங்கேதான். ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று உச்ச வேகத்திலிருந்து மிதித்து நிறுத்தினால் நிலைமை வேறு. 62,000 கிலோமீட்டர் என்ற எண்ணை வைத்து இதில் எதுவும் சொல்ல முடியாது. அந்த 62,000-இல் எத்தனை கிலோமீட்டர் டிராக்கில் என்பதுதான் கேள்வி.

வெடிப்புக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வலைக் கோலம் பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. உலையிலிருந்து ஆறும்போது சிலிக்கான் கார்பைடு சுருங்குகிற அளவுக்கு உள்ளே இருக்கும் கார்பன் இழை சுருங்குவதில்லை. மேலே இருப்பது இழுபட்டு வெடிக்கிறது. போர்ஷே டிஸ்க்குகளில் மேலே உராய்வுக்கென்று தனியாக ஒரு செராமிக் படலமும் இருக்கும், அதில் இந்தப் பாளக் கோலம் இன்னும் தெளிவாகத் தெரியும். புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்தாலே இது இருக்கும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய வெடிப்பு வேறு மாதிரி இருக்கும். கோலத்தோடு சேராமல் தனியாக, ஒரே திசையில், ஒரு காற்றுத் துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடுவது. துளையிலிருந்து வெளி விளிம்புக்கோ உள் விளிம்புக்கோ ஓடுவது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிற மாதிரி வாய் பிளந்திருப்பது. நடுவில் இருக்கிற உலோகத் தொப்பியோடு டிஸ்க் போல்ட் போட்டு இணைந்திருக்கிற இடங்களைச் சுற்றி எந்த வெடிப்பு இருந்தாலும் அது டிஸ்க்கின் முடிவு, அங்கே பேச்சே இல்லை. மேல் படலம் தகடு தகடாக உரிந்து, அடியில் வேறு நிறம் தெரிந்தாலும் அப்படித்தான்.

அடுத்து மேற்பரப்பு. டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், டிஸ்க்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல டிஸ்க் கருஞ்சாம்பல் நிறத்தில், வழவழவென்று, அங்கங்கே ஆழ்ந்த திட்டுகளோடு கிரானைட் தரை மாதிரித் தெரியும். எரிந்துபோன டிஸ்க்கில் அந்தத் திட்டுகள் இருந்த இடம் குழியாகியிருக்கும். நீளவாக்கில், சீரகம் சீரகமாக, ஒவ்வொன்றும் ஓர் இழைக்கற்றை இருந்து எரிந்த இடம். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழும், அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே மாட்டீர்கள். ஆறிய டிஸ்க்கில் விரலை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காற்றுத் துளைகளின் வாய் கூராக இல்லாமல் கடித்தது போல் மழுங்கியிருக்கும். இப்படி ஆன டிஸ்க் பேட்டையும் வேகமாகத் தின்னும், ஆகவே பேட் அடிக்கடி மாற்றிய பில் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

சில டிஸ்க்குகளில் உராய்வுப் பரப்பிலேயே தேய்மானக் குறிகள் என்று சின்னச் சின்ன வட்டங்கள் வைத்திருப்பார்கள், மற்ற இடத்தைவிட அவை சீக்கிரம் எரிகிற மாதிரி செய்தவை. அவை எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கின்றன என்று சர்வீஸ் கையேட்டிலுள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் காரில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம், எல்லாரும் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்பக்கத்தைப் பாருங்கள். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுப் பின்னாலிருந்து பார்க்கலாம். பின் சக்கரத்துக்குக் காரைத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஒரு சின்னக் கண்ணாடி கையில் இருந்தால் நல்லது.

வார_இறுதி_வளைவு:

பழைய_ஸ்பேனர் சார் சொன்னதில் எடை பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அதை என் கையால் செய்து, தப்பும் செய்து கற்றுக்கொண்டவன். நான் வருடத்தில் ஆறேழு முறை டிராக்குக்குப் போகிறவன், என் காரிலும் கார்பன் செராமிக்தான்.

டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோகத் தொப்பியில் எழுத்துகள் பொறித்திருக்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள், குறைந்தபட்சத் தடிமன் ஒன்று இருக்கும், பல டிஸ்க்குகளில் குறைந்தபட்ச எடையும் கிராம் கணக்கில் இருக்கும். அந்த எடை தொப்பியோடு சேர்த்த எடை. இரும்பு டிஸ்க்கில் பொதுவாக 2 மில்லிமீட்டர் வரை தேய இடம் இருக்கும், இதில் புதிய தடிமனுக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கும் நடுவில் இருப்பது மிகக் கொஞ்சம். வெர்னியரை ஒருவர் இறுக்கிப் பிடிப்பதற்கும் இன்னொருவர் லேசாகப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்திலேயே அது மறைந்துவிடும். தடிமன் அளந்தே ஆக வேண்டும் என்றால் மைக்ரோமீட்டர் வைத்து, துளை இல்லாத இடமாகப் பார்த்து, வட்டத்தைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்க்க டிஸ்க்கைக் கழற்ற வேண்டும், வேறு வழி இல்லை. கழற்றியதும் அப்படியே தராசில் வைக்கக் கூடாது. இதில்தான் நான் ஏமாந்தேன். போன சீசன் முடிந்து காரைக் கழுவிவிட்டு, அன்று மாலையே முன் டிஸ்க் இரண்டையும் கழற்றி எடை போட்டேன், குறைந்தபட்சத்தைவிட 90 கிராம் கூடுதல் என்று வந்தது, சந்தோஷமாக வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் மறுபடி போட்டேன், ஒன்றில் 55 கிராம், இன்னொன்றில் 60 கிராம்தான் கூடுதல். நடுவில் இருக்கிற காற்றோட்ட அறைகளிலும் துளைகளிலும் நுண்ணிய குழிகளிலும் தங்கியிருந்த தண்ணீரும் பேட் தூசியும்தான் அந்த வித்தியாசம். எரிந்த டிஸ்க் இன்னும் அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள், எந்த டிஸ்க்கில் சரியான எடை தெரிய வேண்டுமோ அதுதான் பொய் எடை காட்டும். அதனால் துளைகளில் அடைத்திருக்கும் பேட் தூசியை மெல்லிய மரக்குச்சியால் தள்ளி எடுங்கள், டிரில் பிட்டை உள்ளே விடவே கூடாது. காற்றடித்து, நன்றாகக் காய வைத்து, பிறகு எடை போடுங்கள். தராசு ஒரு கிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும், மூட்டை நிறுக்கிற தராசு ஆகாது. எடை தெரிந்த ஏதாவது ஒன்றை முதலில் வைத்துத் தராசையே சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த விளிம்புச் சில்லு. நிலா, அது கல் பட்டு வந்திருக்கலாம், ஆனால் என் அனுபவத்தில் பத்தில் எட்டு சில்லு சக்கரம் கழற்றும்போது வருவது. இந்தக் கார்களின் சக்கரம் கனம், கடைசி போல்ட்டை எடுத்ததும் ஒரு பக்கம் சாயும், ரிம்மின் உள்பக்கம் போய் டிஸ்க் விளிம்பில் இடிக்கும். இரும்பு டிஸ்க் என்றால் ஒன்றும் ஆகாது, இது பீங்கான் கோப்பை மாதிரி சில்லு விடும். முதலில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் நீளமான வழிகாட்டிக் கம்பிகளைத் திருகிவிட்டுத்தான் மற்ற போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். சக்கரம் அந்தக் கம்பிகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு நேராக வெளியே வரும், திரும்ப மாட்டும்போதும் அதேபோல். உங்களுக்குக் காட்டுவதற்காக அந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றும்போது கம்பி போட்டாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போடவில்லை என்றால் அடுத்த தடவை நீங்களே கம்பியோடு போங்கள், தயவுசெய்து.

நெடுஞ்சாலை_நிலா:

மூவருக்கும் நன்றி. கம்பி எதுவும் போடவில்லை, நேராகக் கையால்தான் இழுத்தார், இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு சிக்கல். டிஸ்க்கைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை. கழற்றி மாட்டுவதில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கழற்றாமலே உள்ளே எவ்வளவு கார்பன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வழி உண்டா? காரை ஓட்டிப் பார்த்தால் தெரியுமா? இன்னொன்று, கார் கம்ப்யூட்டரிலேயே பிரேக் தேய்மானம் சதவீதமாக வரும் என்று ஒரு நண்பர் சொன்னார், உண்மையா?

பழைய_ஸ்பேனர்:

கழற்றாமல் அளக்க ஒரு கருவி இருக்கிறது, கார்போடெக் என்று பெயர். கைக்குள் அடங்கும் பெட்டி மாதிரி இருக்கும், டிஸ்க்கின் மேல் ஒட்டினாற்போல் வைத்தால் மின்காந்த முறையில் உள்ளே எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று ஓர் எண்ணாகக் காட்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், அது எரிந்து குறையக் குறைய எண்ணும் இறங்கும், அடிப்படை அவ்வளவுதான். புதிய தலைமுறை டிஸ்க்குகளில் புதிதாக இருந்தபோது வந்த எண்ணையும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பதையும் தொப்பியிலேயே பொறித்துவிடுகிறார்கள். குறித்திருக்கும் இடங்களில் வைத்து அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டியதுதான். சக்கரத்தை மட்டும் எடுத்தால் போதும், காலிப்பரைத் தொட வேண்டாம். போர்ஷே வேலை பார்க்கும் பெரிய ஒர்க்ஷாப்பில் விசாரியுங்கள். விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பில்லை, மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

ஒருவேளை டிஸ்க் பழைய வகையாக இருந்து எண் எதுவும் பொறிக்கப்படவில்லை என்றால், ஒப்பிட அடிப்படை இல்லாமல் கருவியின் எண் தனியாக ஒன்றும் சொல்லாது. அப்போது எடைதான் வழி.

கம்ப்யூட்டர் விஷயம் பாதி உண்மை. ஃபெராரி போன்ற சில கார்களில் டயக்னாஸ்டிக் கருவி போட்டால் டிஸ்க் தேய்மானம் சதவீதமாக வரும். ஆனால் அது அளந்து சொல்வது இல்லை. எவ்வளவு வேகத்தில் எவ்வளவு மிதித்தார்கள், டிஸ்க் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற மதிப்பீடு. டிஸ்க் மாற்றியதும் அதைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும், சிலர் கொண்டுவந்திருக்க மாட்டார்கள், சிலர் டிஸ்க்கை மாற்றாமலே கொண்டுவந்திருப்பார்கள். துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

ஓட்டிப் பார்த்தால் தெரியுமா என்றால், டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது, குறைகளில் சில மட்டும் தெரியும். உள்ளே பாதி எரிந்த டிஸ்க்கும் சாலை வேகத்தில் அழகாகத்தான் நிற்கும், அதுதான் இதில் இருக்கிற ஆபத்தே. மிதிக்கும்போது பெடலில் துடிப்பு இருந்தால் டிஸ்க்கில் பேட் பொருள் சமமில்லாமல் ஒட்டியிருக்கலாம், அல்லது டிஸ்க் மாட்டியிருக்கிற பரப்பில் அழுக்கோ துருவோ இருக்கலாம், டயல் கேஜ் என்கிற அளவுமானி வைத்து, சுழலும்போது டிஸ்க் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் முதல் மிதிப்பில் கிரீச் சத்தம், மழையில் அல்லது கழுவியவுடன் முதல் மிதிப்பு கொஞ்சம் தாமதமாகப் பிடிப்பது, இதெல்லாம் இந்த டிஸ்க்கின் சுபாவம், குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டையும் கவனியுங்கள். நான் பார்த்த நாசமான டிஸ்க்குகளில் பாதி சூட்டில் போனவை இல்லை, பேட் முழுக்கத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசியதால் போனவை. சில மிதிப்பிலேயே மேல் படலத்தில் வளையம் வளையமாகக் கோடு விழுந்துவிடும், இரும்பு டிஸ்க்கைப் போல லேத்தில் போட்டுச் சமன் செய்யவும் முடியாது. இரும்பு டிஸ்க்குக்கான பேட்டை யாராவது போட்டிருக்கிறார்களா என்பதையும் பேட்டின் பின்தகட்டில் இருக்கும் எண்ணை வைத்துச் சரிபாருங்கள், இதற்கென்று உள்ள பேட் மட்டும்தான் போட வேண்டும்.

வார_இறுதி_வளைவு:

டிராக்குக்குப் போன காரா என்று கண்டுபிடிக்க இன்னும் சில இடங்கள் உண்டு. மஞ்சள் காலிப்பரின் பெயின்ட்டைப் பாருங்கள், பேட் பக்கம் பழுப்பேறியிருந்தால் கடும் சூடு பார்த்த கார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கியிருந்தாலும் அப்படித்தான். டயரின் தோள் பகுதி உருண்டு தேய்ந்திருக்கும், சக்கர வளைவுக்குள் டயர் ரப்பர் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பின் டிஸ்க்கை விட்டுவிடாதீர்கள். வழக்கமாக முன் டிஸ்க்தான் அதிகம் தாங்கும் என்பது சரி, ஆனால் இப்போதைய கார்களில் வளைவில் காரைத் திருப்ப உள்பக்கப் பின் சக்கரத்தைக் கம்ப்யூட்டரே தானாகப் பிரேக் போட்டுப் பிடிக்கிறது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை ஆனில் வைத்து டிராக் ஓட்டினால் பின் பிரேக்குக்கும் நல்ல வேலை. நான் அதைக் கவனிக்காமல் முன்னால் மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தேன், பின் பேட் தகடு வரை வந்த பிறகுதான் தெரிந்தது.

நாலாம்_கியர்:

பேட், டிஸ்க் குழப்பத்தைத் தீர்த்ததற்கு நன்றி. நேற்று என் டிஸ்க்கை அளந்து பார்க்கச் சொன்னேன், பின் டிஸ்க் இரண்டும் குறைந்தபட்சத் தடிமனுக்கு ஒட்டினாற்போல் இருக்கின்றன. நிலாவின் கேள்வியில் எனக்கு ஒரு வேலை நடந்துவிட்டது.

நெடுஞ்சாலை_நிலா:

பதினொரு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். கார்போடெக் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் நேரம் கிடைக்கத் தாமதமாயிற்று. விற்பவரும் கூடவே வந்தார். இந்த முறை கம்பி போட்டுத்தான் சக்கரம் கழற்றினார்கள், நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பையன் கையில் எடுத்துவிட்டான், அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி.

பின் டிஸ்க் இரண்டும் நல்ல நிலை, எண் எல்லையைவிட நன்றாக மேலே இருக்கிறது. முன் இடதும் அப்படியே. ஆனால் முன் இடது தொப்பியில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி மற்ற மூன்றிலிருந்து நாலு வருடம் பிந்தியது! அதாவது நடுவில் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். விற்பவருக்கே தெரியவில்லை, அவர் வாங்கியதே மூன்று வருடம் முன்புதான், அவருக்கு முன்னால் இருந்தவர் செய்ததாக இருக்கும்.

முன் வலது டிஸ்க்தான் விஷயம். மூன்று இடத்தில் வைத்து அளந்ததில் இரண்டு இடம் எல்லைக்குச் சற்று மேலே, ஓர் இடம் எல்லையிலேயே. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி உள்பக்கம் டார்ச்சைச் சாய்த்துக் காட்டினார்கள். பழைய_ஸ்பேனர் சார், நீங்கள் சொன்ன சீரகக் குழி அப்படியே இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல். வெளிப்பக்கத்தில் அதில் பாதிகூடத் தெரியவில்லை. விளிம்புச் சில்லு பேட் உரசும் பாதைக்கு வெளியே இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டு அது கையேட்டில் அனுமதித்த அளவுக்குள்தான் என்றார்கள். நான் இத்தனை நாள் பயந்தது அந்தச் சில்லுக்காக!

விற்பவர் நேர்மையானவர். எண்ணைப் பார்த்ததும் அவரே, முன் டிஸ்க் ஜோடிக்கு ஆகும் செலவைக் கார் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார். வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். இப்போது கேள்வி, முன் இடது டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது, வலதை மட்டும் மாற்றினால் போதுமா? டிராக்குக்கெல்லாம் நான் போகப் போவதில்லை.

பழைய_ஸ்பேனர்:

கேட்கவே மகிழ்ச்சி. ஒன்பது வயது டிஸ்க்கும் ஐந்து வயது டிஸ்க்கும் ஒரே அச்சில் ஓடிக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், ஈரத்திலும் சூட்டிலும். உங்களுக்கு ஜோடிக்கான பணம் கிடைத்துவிட்டதால் யோசிக்கவே வேண்டாம், இரண்டும் புதிது, கூடவே புது பேட். பழைய பேட்டைப் புது டிஸ்க்கில் போடாதீர்கள், அந்தக் குழி விழுந்த டிஸ்க்கில் உரசி அதன் முகம் ஏற்கெனவே கெட்டிருக்கும். மாட்டிய பிறகு பேட்டைப் பழக்குகிற முறையைக் கையேட்டில் உள்ளபடி பொறுமையாகச் செய்யுங்கள், முதல் நாளே கடைசி வரை மிதிக்க வேண்டாம்.

கழற்றிய இடது டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண் நன்றாக இருக்கிறது, ஏதாவது ஒரு நாள் கல் பட்டு ஒன்று உடைந்தால் புதிது வரும்வரை காரை நகர்த்தவாவது உதவும். துணியில் சுற்றி, படுக்கை வசமாக, மேலே எதையும் வைக்காமல் வையுங்கள். புது டிஸ்க்குகளை மாட்டுவதற்கு முன்பு இரண்டையும் தராசில் வைத்து எடையையும், தொப்பியில் இருக்கும் எண்களையும், அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். இனி ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் கார்போடெக் எண் எடுத்து அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை_நிலா:

சரி சார், இரண்டுமே மாற்றிவிடுகிறேன். தராசு வாங்கியாயிற்று. வழிகாட்டிக் கம்பி இரண்டும் டூல் பையில் ஏற்கெனவே ஏறிவிட்டது.